பிள்ளைகளின் மனநலமும் சிறார் நீதிமன்றமும்: பே ஏரியாப் பெற்றோர் அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு (சன்னிவேல், ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். பே ஏரியாவில் (கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில்) நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை மனம் உடைந்து போனால், பெற்றோர் முதலில் கேட்பது "கவுன்ட்டியிடம் (மாவட்ட நிர்வாகத்திடம்) போனால் பெயர் பதிவாகிவிடுமே, நாளைக்குக் கல்லூரிக்கும் கிரீன் கார்டுக்கும் இடைஞ்சல் வருமே" என்பதுதான். இந்த அச்சத்தினாலேயே மாதக்கணக்கில் காத்திருந்து, நிலைமை கைமீறிய பிறகு ஓடிய குடும்பங்களை நான் அறிவேன். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். சிறார் நீதிமன்றம்வரை போய்வந்தவர்களும் தயங்காமல் எழுதினால், இப்போது அதே நிலையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு உதவியாக இருக்கும்.

என் மகனுக்கு அப்போது 15 வயது. பள்ளிக்குப் போக மறுத்தான். சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு வரவேண்டிய நிலை. ஓர் இரவு அவன் தங்கைக்கு அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்துப் பதறிப்போய் 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணை அழைத்தோம். 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் செயல்படும் எண் இது. அவசர உதவி எண்ணான 911 போல முதலில் போலீசை அனுப்புவதில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசி நிலைமையை அறிந்துகொண்டு, தேவைப்பட்டால் மட்டும் ஆள் அனுப்ப ஏற்பாடு செய்கிறார். சான்டா கிளாரா கவுன்ட்டியில் மனநலப் பணியாளர்களே வீடு தேடி வரும் நடமாடும் குழுக்கள் உள்ளன. எங்கள் வீட்டுக்குச் சீருடை இல்லாத இருவர் வந்தார்கள்.

அவர்களில் ஒருவரான பெண்மணி வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, மகனின் அறைக்கு வெளியே கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கதவைத் திறக்கச் சொல்லவில்லை. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பாட்டைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினார். வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. பிறகு, "சாகவேண்டும் என்று நினைத்தாயா, எப்படி என்று யோசித்தாயா" என்று நேரடியாகவே கேட்டார். எனக்கு நெஞ்சு படபடத்தது. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்றும், கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம் என்றும் பின்னர் எனக்கு விளக்கினார். அன்றிரவே மாத்திரைகளையெல்லாம் ஒரு பூட்டுப் பெட்டிக்குள் வைக்கச் செய்தார். மனம் கனக்கும்போது மகன் யாரை அழைக்க வேண்டும், என்ன செய்யவேண்டும் என்பதை அவன் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுத வைத்தார்.

சட்டப்படி பிள்ளையை 72 மணி நேரம்வரை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கவும் வழி உண்டு. பெரியவர்களுக்கான அந்தச் சட்டப் பிரிவு 5150 என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதே சட்டத் தொகுப்பின் 5585 பிரிவு. எங்கள் மகனுக்கு அது தேவைப்படவில்லை. வீட்டிலேயே கண்காணித்து, தொடர்ந்து வந்து பார்த்தார்கள்.

மறுமொழி (இளைஞர் மனநலத் துறையில் பணியாற்றும் ஒரு தமிழர்)

சகோதரி, எழுதியதற்கு நன்றி. நான் இந்தத் துறையில் இருப்பதால் பலர் கேட்கும் சிலவற்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

கவுன்ட்டி மனநலப் பிரிவு பெரும்பாலும் மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான கலிஃபோர்னியா அரசு மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்களுக்கானது. 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருத்துவ ரீதியில் தேவையான மனநலச் சிகிச்சை அனைத்தையும் மெடி-கால் தரவேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். குடியுரிமை நிலை எதுவானாலும் வருமானத் தகுதியுள்ள 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கலிஃபோர்னியா 2016 முதல் அதில் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் நம்மவர்களில் மிகப் பலர் நிறுவனக் காப்பீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்கு நெருக்கடி நேரத்தில் நடமாடும் குழு வரும். தொடர் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்தையே அணுகவேண்டும். "மூன்று மாதம் கழித்துத்தான் தெரபிஸ்ட் கிடைப்பார்" என்று நிறுவனம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவசரமல்லாத தெரபிஸ்ட் சந்திப்பைக்கூட 10 வேலை நாட்களுக்குள் தரவேண்டும் என்பது மாநில விதி. 2022 ஜூலை முதல், தெரபிஸ்ட் வேறு கால இடைவெளி போதும் என்று கருதினாலொழிய, தொடர் சந்திப்புக்கும் அதே 10 நாள் வரம்பு பொருந்தும். மாநிலத்தின் மேற்பார்வையில் இயங்கும் காப்பீட்டுத் திட்டங்களுக்கே இது பொருந்தும் என்பதையும், பெரிய நிறுவனங்கள் தாமே நடத்தும் திட்டங்கள் இதில் அடங்காமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். எந்த வகைத் திட்டம் என்பதை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவே சொல்லிவிடும்.

இன்னொரு செய்தி பல பெற்றோருக்கு வருத்தம் தரலாம். கலிஃபோர்னியாவில் 12 வயது நிரம்பிய பிள்ளை, அதைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருப்பதாகச் சிகிச்சை தருபவர் கருதினால், பெற்றோர் கையெழுத்து இல்லாமலே கவுன்சிலிங் பெறலாம். பெற்றோரைச் சேர்த்துக்கொள்வது தகாது என்று தெரபிஸ்ட் முடிவு செய்தாலொழிய நம்மையும் அழைப்பார்கள். ஆனால் அறைக்குள் பேசியதையெல்லாம் நமக்குச் சொல்லமாட்டார்கள். தயவுசெய்து இதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவிடம் சொல்ல முடியாததை ஓர் அந்நியரிடமாவது பிள்ளை சொல்கிறதே என்று நான் மனதார மகிழ்கிறேன்.

காப்பீட்டுச் சிக்கலே வேண்டாம் என்பவர்களுக்கு ஆல்கோவ் என்ற இளைஞர் மனநல மையங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஹெட்ஸ்பேஸ் மையங்களை முன்மாதிரியாகக் கொண்டு, ஸ்டான்ஃபோர்டும் கவுன்ட்டியும் சேர்ந்து 2021 இல் பாலோ ஆல்ட்டோவிலும் சான் ஹோசேயிலும் தொடங்கியவை இவை. 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கானவை. ஒரு பிள்ளை தானாகவே நடந்து உள்ளே போகும்படி அமைந்த இடம் என்பதுதான் அதன் பெருமை.

மறுமொழி (வேறொரு கவுன்ட்டியில் வசிக்கும் ஒரு தந்தை)

நான் எழுதப்போவது இரண்டாவது வாசலான சிறார் நீதிமன்றத்தைப் பற்றி. என் மகன் 16 வயதில், வெள்ளிக்கிழமை மாலை, நண்பர்களுடன் ஒரு கைகலப்பில் சிக்கினான். எதிர்த்தரப்புப் பையனுக்குத் தாடையில் எலும்பு முறிவு. போலீஸ் அழைத்துச் சென்றதும், எங்கள் குடும்ப நண்பரான ஒரு வழக்கறிஞர் தொலைபேசியில் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வழக்கறிஞரிடம் பேசாமல் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவேண்டாம் என்று பையனுக்குச் சொல்லுங்கள்."

2021 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் 17 வயதுவரை உள்ள எந்தப் பிள்ளையையும் காவலில் வைத்து விசாரிக்கும் முன், நேரிலோ தொலைபேசியிலோ காணொளியிலோ அவன் ஒரு வழக்கறிஞரிடம் பேசியாக வேண்டும். "எனக்கு வேண்டாம்" என்று பிள்ளையே சொன்னாலும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. காவலில் வைக்கப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கும் உரிமை உண்டு. ஒன்று பெற்றோருக்கு, மற்றொன்று வழக்கறிஞருக்கு. நம் வீடுகளில் "பெரியவர் கேட்டால் உண்மையைச் சொல்" என்று பிள்ளைகளை வளர்க்கிறோம். அது நல்ல வளர்ப்புத்தான். ஆனால் காவல் நிலையத்தில் பயந்துபோன பிள்ளை, கேட்பவர் மனம் குளிர என்ன சொன்னால் வீட்டுக்கு விடுவார்களோ அதைத்தான் சொல்லும். அங்கே வழக்கறிஞர் அவசியம்.

அன்றிரவு அவனை ஜுவெனைல் ஹாலுக்கு (சிறார் காவல் இல்லத்துக்கு) கொண்டுபோனார்கள். வழக்குத் தாக்கல் செய்ய 48 மணி நேரம் என்பது சட்டம்; ஆனால் அதில் சனி, ஞாயிறு சேராது. வெள்ளி இரவு பிடிபட்ட பிள்ளைக்கு அந்தக் கணக்கு எவ்வளவு நீளும் என்பது அப்போதுதான் உறைத்தது. சந்திக்கப் போனபோது பெல்ட், கைக்கடிகாரம், கைப்பேசி அனைத்தையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த ஸ்வெட்ஷர்ட்டின் கை நீளமாக இருந்ததால் விரல்கள் தெரியாமல் மேசைமேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சாப்பிட்டாயா" என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

நீதிமன்றத்தில் கிடைத்த பப்ளிக் டிஃபென்டரை (அரசு தரும் இலவச வழக்கறிஞரை) பற்றி நன்றியுடன் சொல்லவேண்டும். இலவச வழக்கறிஞர் என்றால் தரம் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அவரோ சிறார் வழக்குகளை மட்டுமே நடத்துபவர். நீதிபதிக்கும் புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) அதிகாரிக்கும் எது முக்கியம் என்று அறிந்தவர். மகனின் பள்ளி மதிப்பெண்கள், மிருதங்க ஆசிரியரின் கடிதம், கோபத்தைக் கையாளும் பயிற்சியில் அவனை ஏற்கெனவே சேர்த்துவிட்டோம் என்பதற்கான தாள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சிறார் நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது; நீதிபதிதான் எல்லாம். ஆகவே புரொபேஷன் அதிகாரி எழுதும் அறிக்கைக்கு மிகுந்த எடை உண்டு. அவர் வீட்டுக்கு வந்தால் முழு மனதோடு பேசுங்கள். வழக்கின் சம்பவத்தைப் பற்றி மட்டும் வழக்கறிஞர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

மகனுக்கு ஆறு மாதக் கண்காணிப்பு மட்டுமே விதித்தார்கள். அதை முறையாக முடித்ததும் வழக்கு தள்ளுபடியானது. 2018 முதல், ஹாலில் வைத்திருந்ததற்கும் பப்ளிக் டிஃபென்டருக்கும் கண்காணிப்புக்கும் பெற்றோரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று மாநிலச் சட்டம் மாறிவிட்டது. காயமடைந்த பையனின் மருத்துவச் செலவு வேறு. அதை நாங்கள் கொடுத்தோம், கொடுக்கவேண்டியதும் முறைதான்.

மறுமொழி (சான் ஹோசே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தாய்)

அந்தத் தந்தையின் பதிவை வாசித்து அழுதுவிட்டேன். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வாடகை வண்டி ஓட்டிய கணவர் காலமான பிறகு, உணவகச் சமையலறையில் வேலை செய்து இரு பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவன் கார் திருட்டில் பிடிபட்டான், ஒருமுறை அல்ல. மொழி தெரியாத பெற்றோர் யாராவது இதை வாசித்தால், அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு ஊரில், ஓர் அலுவலகத்தில் மகனையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அதிகாரி நெடுநேரம் பேசுவார். மகன் "ஒன்றும் பிரச்சினை இல்லையாம் அம்மா" என்று ஒரே வரியில் முடிப்பான். பிள்ளையைப் பற்றிய கூட்டத்தில் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக இருப்பது எந்தத் தாய்க்கும் நேரக்கூடாது. பின்னர் "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதைக் காட்டினால் தொலைபேசியிலாவது ஒருவரை இணைப்பார்கள். நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கேட்கமாட்டார்கள். தமிழுக்கு ஆள் கிடைக்க நேரமாகும் என்பதால் தேதி தெரிந்தவுடனேயே கேட்டுவிடுங்கள்.

மகனை நீதிபதி மோர்கன் ஹில்லில் உள்ள ஜேம்ஸ் ரான்ச் என்ற சிறார் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினார். சிறை என்று நினைத்துப் போனேன். மிசௌரி மாநிலத்தின் முறையைப் பார்த்து மாற்றியமைத்த இடமாம். பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாக வைத்திருக்கிறார்கள், ஒரு குழுவை ஒரே பணியாளர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள், பள்ளியும் கவுன்சிலிங்கும் உள்ளேயே. அப்பா இறந்ததைப் பற்றி என் மகன் முதன்முதலாக வாய் திறந்தது அங்கேதான். அதுவரை அவனுக்கு மனநலச் சிகிச்சை தேவை என்று ஒருவரும் சொல்லவில்லை. கோபக்காரன், அடங்காதவன் என்றே எல்லோரும் சொன்னார்கள். முதல் பதிவை எழுதிய தங்கையின் வாசலுக்கு வந்ததைப் போல என் வாசலுக்கும் யாராவது முன்பே வந்திருந்தால் அவன் ரான்ச்சுக்கே போயிருக்கமாட்டான் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் பயந்து காத்திருக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

திரும்பி வந்த பிறகு ராப்அரவுண்ட் என்ற, குடும்பத்துக்கே துணைநிற்கும் உதவிக் குழு வீட்டுக்கே வந்தது. தன் பிள்ளையை இதே வழியில் கொண்டுவந்த இன்னொரு தாயும் அதில் இருந்தார். அவர் தமிழரல்ல. ஆனால் என் நிலைமை அவருக்கு விளக்கமில்லாமலே புரிந்தது.

மறுமொழி (கூப்பர்டினோ, ஒரு தந்தை)

எங்கள் கிரீன் கார்டு நிலுவையில் இருக்கிறது. சிறார் வழக்கு அதைக் கெடுக்குமா? அறிந்தவர்கள் சொல்லவும்.

மறுமொழி (மனநலத் துறையில் பணியாற்றுபவர்)

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் இது எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி. சிறார் நீதிமன்றத் தீர்ப்பு, குடிவரவுச் சட்டத்தின்படி குற்றத் தண்டனை ஆகாது என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியமே 2000 இல் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தாலும் போதைப்பொருள் விற்பனை போன்றவற்றில் தண்டனை இல்லாமலேயே சிக்கல் வரலாம். விண்ணப்பப் படிவம் கைது நடந்ததா என்றும் கேட்கும். எனவே சிறார் வழக்கறிஞரும் குடிவரவு வழக்கறிஞரும் ஒருவரோடொருவர் பேசும்படி, வழக்கு முடிவதற்கு முன்பே செய்யுங்கள். மனநலச் சிகிச்சை பெறுவது மட்டும் தடையல்ல. குடிவரவு மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பது பிறருக்கோ தனக்கோ தீங்கு விளைவிக்கும் நடத்தையைத்தான். கல்லூரியைப் பொறுத்தவரை, பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் தன் பொதுப் பகுதியிலிருந்து குற்றப் பின்னணிக் கேள்வியை 2019 இல் நீக்கிவிட்டது.

மறுமொழி (கைகலப்பு வழக்கைப் பற்றி எழுதிய தந்தை)

அதனோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கண்காணிப்பை முறையாக முடித்த பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றமே ஆவணங்களைப் பிறர் பார்க்க முடியாதபடி முத்திரையிட்டு மூட உத்தரவிடும்; அதன்பின் வேலைக்கான விண்ணப்பத்தில் "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று சட்டப்படியே பதில் சொல்லலாம். கடுமையான சில குற்றங்களுக்கு விதி வேறு. குடிவரவு அலுவலகத்துக்கு இந்த முத்திரை பொருந்தாது என்பதால், முத்திரையிடும் முன் வழக்கு ஆவணங்களின் சான்றளித்த நகல்களை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாங்குவது மிகக் கடினம். உத்தரவின் நகல் காவல் துறைக்கும் புரொபேஷனுக்கும் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பப்ளிக் டிஃபென்டர் அலுவலகத்தைக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் பள்ளிக்கு மட்டும் போகாமல் இருந்தது, கேட்டபிறகு அனுப்பினார்கள்.