ஹம்பர்ஸ்டோன்: சிலியில் ஒரு கம்பெனி ஊர்

கோலார் தங்கவயல் சுரங்க ஊரின் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆபீஸ் வேலையாகச் சிலி வந்த இடத்தில், இக்கிக்கே துறைமுகத்திலிருந்து சுமார் 45 கி.மீ. உள்ளே அட்டகாமா பாலைவனத்தில் இருக்கும் ஹம்பர்ஸ்டோனைப் பார்த்துவிட்டு வந்தேன். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்பட்ட வெடியுப்பைத் தோண்டியெடுத்த சுரங்க ஊர். 1872-இல் லா பால்மா என்ற பெயரில், அப்போது பெரு நாட்டு மண்ணில் தொடங்கியது. பெருவோடு சிலி நடத்திய போருக்குப் பிறகு அந்தப் பகுதி சிலியிடம் வந்தது. 1960-இல் மூடிவிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் நமக்குப் புதிதாக எதுவும் தோன்றாது. தகரக் கூரை போட்ட லைன் வீடுகள், தள்ளி அதிகாரிகளின் வீடுகள், பள்ளிக்கூடம், சந்தை. ஊர் ஓரத்தில் கழிவு மண் மலைபோலக் குவிந்து கிடக்கிறது, அசல் நம் சயனைட் மேடு. மழையே இல்லாத இடம் என்பதால் தியேட்டரின் மர நாற்காலிகள்கூட வரிசை கலையாமல் நிற்கின்றன. இரும்புத் தகடுகளை ஆணியடித்துச் சேர்த்த நீச்சல் குளம் வேறு! பாலைவனத்தில் குளம் கட்டிக் கொடுத்த கம்பெனியை மெச்சத்தான் தோன்றும். ஆனால் தியேட்டரும் குளமும் 1930-களுக்குப் பிறகு வந்தவை.

அதற்கு முன் இந்தப் பகுதிச் சுரங்கங்களில் கூலியே பணமாகக் கிடைக்காது. ஒவ்வொரு கம்பெனியும் சொந்தமாக டோக்கன் அடித்தது. அது அந்தக் கம்பெனிக் கடையில்தான் செல்லும். விலையும் எடையும் கடைக்காரர் வைத்ததுதான். 1907 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கேட்டவற்றைப் பாருங்கள்: டோக்கனுக்கு முழு மதிப்பு, எடையைச் சரிபார்க்கக் கடைக்கு வெளியே ஒரு தராசு, ஆட்கள் தவறி விழாமல் இருக்கக் கொதிகலத் தொட்டிகளுக்குக் கம்பி மூடி. இதைக் கேட்டு இக்கிக்கேயில் சாந்தா மரியா பள்ளியில் கூடியிருந்தவர்களை டிசம்பர் 21 அன்று ராணுவம் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை கணக்கு ஒத்துப்போகவில்லை.

ஊரைக் காலி செய்தது காற்றிலிருந்து உரம் எடுக்கும் ஜெர்மன்காரர்களின் ரசாயன முறை. அது வந்தபின் வெடியுப்புக்கு விலை இறங்கிக்கொண்டே போனது. நமக்குத் தங்கத்தின் அடக்கவிலை கட்டுப்படியாகாமல் 2001-இல் சுரங்கத்தைப் பூட்டியதுபோலத்தான், சரி, விடுங்கள்.

நான் அதிக நேரம் நின்றது குழந்தைகளின் பொம்மைகளுக்கு முன்னால். டப்பாத் தகரத்தை வெட்டி, கம்பியை வளைத்துச் செய்த லாரிகள். கடையில் வாங்கியவை அல்ல, பிள்ளைகளுக்காக வீட்டிலேயே செய்தவை.

2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அந்த ஊரில் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நவம்பர் மாதம் அங்கே திரும்பி வந்து திருவிழாபோலக் கூடுகிறார்களாம். நாம் ஏன் ஆண்டுக் கூட்டத்தை வாடகை மண்டபத்திலேயே வைக்க வேண்டும்? ஒரு தடவை தங்கவயலிலேயே, நம் பழைய சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீஃபில் வைக்கலாமே. அப்புறம், தாத்தா காலத்துச் சம்பளச் சீட்டு, சுரங்க விளக்கு, பழைய லைன் வீட்டுப் போட்டோ என்று எது இருந்தாலும் எடுத்துக் குழுவுக்கு அனுப்புங்கள். தேதியும் எந்த லைன் என்பதும் மறக்காமல் எழுதுங்கள்.