இரட்டைக் கோபுரத்தில் ஏறிய கதை

செந்தூல் பையன்:
கோலாலம்பூர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில் நான் ஏறியது ஒரே முறை, அதுவும் அப்பாவோடு. அப்போது இரண்டு கோபுரத்தையும் இணைக்கும் வானப் பாலத்துக்குப் போகக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு, அதனால் விடியற்காலையிலேயே வரிசை பிடிக்க வேண்டும். நாசி லெமாக் பொட்டலமும் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ என்கிற பாலில்லாத தேநீருமாகப் போய் நின்றோம்.

அப்பா டாக்சி ஓட்டியவர். ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்க, அவர் மட்டும் தரையைக் காட்டினார். "இங்கதான்டா குதிரை ஓடும். பந்தய நாள்ல சவாரிக்குப் பஞ்சமே இருக்காது. தோத்தவன்தான் திரும்பும்போது பேரம் பேசுவான்." அந்த இடம் முன்பு பந்தயத் திடல் என்று படித்திருக்கிறேன். தோற்றவனின் பேரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கழுத்தில் அட்டை மாட்டி, லிஃப்டில் 41வது மாடிக்கு அனுப்பினார்கள். பாலம் 58 மீட்டர் நீளம், தரையிலிருந்து 170 மீட்டர் உயரம். இரண்டு கோபுரத்தையும் அது இறுக்கிப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். வழிகாட்டிப் பெண் வேறு மாதிரி சொன்னார். காற்றில் கோபுரங்கள் தனித்தனியாக ஆடும், இறுக்கிக் கட்டினால் பாலம் தாங்காது, அதனால் முனைகள் நழுவிக் கொடுக்கும்படி விட்டிருக்கிறார்களாம். பாரத்தை 29வது மாடியிலிருந்து கிளம்பும் கால்கள் நடுவில் தாங்குகின்றன.

"அப்போ இது ஆடுமா?" என்றார் அப்பா.

"ஆடும் அங்கிள், ஆனா தெரியாது."

அவ்வளவுதான். கொடுத்த பத்துப் பதினைந்து நிமிடமும் மனிதர் நட்டநடுவில் நின்றார், கண்ணாடிப் பக்கமே வரவில்லை. திரும்பும்போது பாலம் முடிகிற இடத்தில், வாசற்படி தாண்டுகிற மாதிரி காலைத் தூக்கி வைத்தார்.

ஈப்போ அக்கா:
தம்பி, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. நாங்கள் மேலே போகவே இல்லை, படம் எடுப்பதற்குள்ளேயே பொழுது போய்விட்டது. 452 மீட்டரை போனுக்குள் அடக்க முடியுமா? வீட்டுக்காரர் தரையில் மல்லாந்தே படுத்துவிட்டார். போனில் கவ்வி வைக்கிற குட்டி லென்ஸ் விற்கும் பையன்கள் அதற்குத்தான் காத்திருப்பார்கள். ஒன்று வாங்கினோம். படத்தில் இரண்டும் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தன.

எனக்குப் பிடித்தது கோபுரத்தின் தள வரைபடம்தான். ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம், முனைகளுக்கு நடுவே அரைவட்டங்கள். இஸ்லாமிய வடிவத்தை வைத்துக் கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி வரைந்தது. கோலம் போடுகிற கையை அது சும்மா இருக்க விடுமா? அந்த வருஷம் தீபாவளிக்கு எங்கள் வாசலில் அதுதான். அரைவட்டம் எட்டும் ஒரே அளவில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

கிள்ளான்காரன்:
ஒரு கோபுரத்தை ஜப்பானியரும் இன்னொன்றைக் கொரியரும் கட்டினார்கள், போட்டி போட்டுக்கொண்டு. பிந்தித் தொடங்கிய கொரியர்தான் முந்தினார்கள். என் மாமா அங்கே கம்பி கட்டியவர், எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். 1998-லிருந்து தைவானின் தைப்பே 101 கட்டடம் வரும்வரை உலகத்திலேயே உயரமானது என்பதில் அவருக்கு இன்றைக்கும் மிதப்பு. கோலாலம்பூரிலேயே அதைவிட உயரமாக எழுந்த மெர்டேக்கா 118 பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்.

செந்தூல் பையன்:
அப்பாவிடம் அதையும் சொன்னேன், 678.9 மீட்டர் என்று. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுல பாலம் இருக்கா?"

"இல்லப்பா. ஒரே கோபுரம்தான்."

"அப்போ போகலாம்."