புராஸ்டேட் மாத்திரையும் சொல்லாமல் விட்ட மாத்திரையும்

பாபநாசம் பக்கத்திலிருந்து:

எனக்கு வயசு 68. ராத்திரியில நாலு தடவை, அஞ்சு தடவை கொல்லைக்கு எழுந்து போறது ரெண்டு வருஷமா இருந்துச்சு. போய் நின்னாலும் உடனே வராது. சொட்டுச் சொட்டா வந்து நிக்கும், திரும்பிப் படுத்தா மறுபடி முட்டும். தஞ்சாவூர்ல யூராலஜி டாக்டர் ஸ்கேன் எடுத்து, புராஸ்டேட்ல புற்றுநோய் சந்தேகம் இருக்கான்னு பார்க்கிற பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் பார்த்து, வயசுக்கு வர்ற புராஸ்டேட் வீக்கம்தான், மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி அதுன்னார். டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், தினம் ராத்திரி சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணு. மெல்லாம, உடைக்காம அப்படியே முழுங்கணும்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்டார். இல்லீங்கன்னுட்டேன். பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டு வாசலுக்கே வந்து கொடுத்துட்டுப் போறது அது. காப்பி குடிக்கிற மாதிரி பழகிப்போனதால மாத்திரைக் கணக்குலயே வரல.

மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மணி. முட்டுதேன்னு சடார்னு எழுந்தேன். கொல்லை நிலைப்படி தாண்டினதும் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. துவைக்கிற கல்லுல போய் விழுந்தேன். புருவத்துல மூணு தையல்.

டாக்டர் உக்கார வெச்சு ஒரு தரம், நிக்க வெச்சு ஒரு தரம் பிரஷர் பார்த்தார். டாம்சுலோசின் மாத்திரை புராஸ்டேட்லயும் மூத்திரப்பை வாயிலயும் இருக்கிற தசையைத் தளர்த்திவிடும், அதனாலதான் நீர் தடையில்லாம போகும். கூடவே ரத்தக் குழாயும் கொஞ்சம் தளரும். பிரஷர் மாத்திரையும் சேர்ந்தா, எழுந்து நிக்கும்போது ரத்த அழுத்தம் சட்டுனு இறங்கிடும்னார். பிரஷர் மருந்தோட அளவை அவரே மாத்தி எழுதினார். இப்ப முழிப்பு வந்தா கட்டில்லயே ரெண்டு நிமிஷம் உக்காந்து, காலை ஆட்டிட்டு, சுவரைப் பிடிச்சுத்தான் எழுந்திருக்கிறேன். ரெண்டே வாரத்துல ராத்திரிக்கு ஒரு தடவைதான்னு ஆச்சு. இந்த மருந்தை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

அதுக்கப்புறமும் ஒரு தப்புப் பண்ணேன். ஐப்பசி அடைமழை, சம்பா நடவு. நாள் முழுக்க வரப்புல நின்னு சளி பிடிச்சுக்கிச்சு. மெடிக்கல்ல சளி மாத்திரை கேட்டு வாங்கி, காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு போட்டேன். சாயந்தரம் ஒரு சொட்டு வரல. அடிவயிறு கல்லு மாதிரி. அந்த வலியைப் பகையாளிக்கும் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில டியூப் போட்டு எடுத்தப்பதான் மூச்சே வந்துச்சு. நர்ஸம்மா அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாங்க: குளோர்பெனிரமின், பினைலெப்ரின். ஒண்ணு மூத்திரப்பை சுருங்குற பலத்தைக் குறைக்கும், இன்னொண்ணு அதோட வாயை இறுக்கும். புராஸ்டேட் வீக்கம் இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாதுன்னாங்க.

கடைக்காரர் கேக்கல, நானும் சொல்லல. இப்ப என்ன மாத்திரை சாப்பிட்டாலும் அதோட காலி அட்டையை ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கேன். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அந்தக் கவரை மேசையில கொட்டிடுறேன்.

மயிலாடுதுறையிலிருந்து:

ஐயா, எங்க அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிவானப்ப கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "யூரின் போறதுக்கு மாத்திரை சாப்பிடுறாரா?" எங்களுக்குப் புரியல. டாம்சுலோசின் சாப்பிடுறவங்களுக்கு ஆபரேஷன் நேரத்துல கருவிழிக்குள்ள இருக்கிற ஐரிஸ் தொளதொளன்னு ஆடுமாம், கண்பாப்பா சுருங்கிக்குமாம். அப்பா அதை நிறுத்தி மூணு மாசம் ஆச்சுன்னு சொன்னோம். நிறுத்தினாலும் அந்த விளைவு இருக்கலாம், முன்கூட்டியே தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி தயாரா இருப்போம்னார். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அவர் கேக்கலேன்னா நாங்க வாயைத் திறந்திருக்கவே மாட்டோம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

எனக்கு டுட்டாஸ்டெரைடும் சேர்த்துக் கொடுத்தாங்க. வீக்கத்தையே குறைக்கிற மருந்து, பலன் தெரிய ஆறு மாசம் பிடிச்சுது. இது பி.எஸ்.ஏ. அளவைப் பாதியா இறக்கிக் காட்டும். வேற ஊர்ல ஒரு டாக்டர் 3.2ன்னு பார்த்துட்டு நார்மல்னு அனுப்பிட்டார். இந்த மாத்திரை சாப்பிடுறது அவருக்குத் தெரியாது. என் டாக்டர் அதை 6.4ஆ எடுத்துக்கிட்டு அடுத்த பரிசோதனைக்கு எழுதினார். இன்னொண்ணு, முழுகாம இருக்கிற பொண்ணு வீட்டுல இருந்தா, உடைஞ்ச கேப்சூலை அவங்க கையால தொட விடாதீங்க.

பாபநாசம் பக்கத்திலிருந்து:

மயிலாடுதுறைத் தங்கச்சிக்கு நன்றிம்மா. எனக்கும் தை மாசம் வலது கண்ணுக்கு ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. டாம்சுலோசின் அட்டையை இப்பவே கவர்ல எல்லாத்துக்கும் மேல எடுத்து வெச்சுட்டேன்.