மினி 2 இருக்கு, 8,000 ரூபாய் இருக்கு: முதல்ல எதை வாங்குறது?

முல்லையாறு:
சென்னையில இருக்குற மச்சான் தன்னோட பழைய டிஜேஐ மினி 2-ஐ எனக்குக் கொடுத்துட்டார். ட்ரோன், ரிமோட், ஒரே ஒரு பேட்டரி, அவ்வளவுதான். கம்பம் பள்ளத்தாக்குல எங்க வயல் நடவையும் அறுப்பையும் மேல இருந்து எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கடையில ஃபில்டர், லேண்டிங் பேட், புரொப்பெல்லர் கார்டு (இறக்கையைச் சுத்தி மாட்டுற காப்பு), பை எல்லாம் சேர்ந்த ஒரு கிட் காட்டுறாங்க. வாங்கலாமா?

ஸ்டுடியோக்காரர்:
கிட் வேண்டாம் தம்பி. ஆனா என்டி ஃபில்டரை (வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் மேல மாட்டுற கறுப்புக் கண்ணாடி) விட்டுடாதீங்க. மினி 2 லென்ஸோட துளை அளவு எஃப் 2.8, அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. உச்சி வெயில்ல ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவோட வெளிச்ச உணர்வை, 100-க்குக் குறைச்சு வச்சாலும் ஷட்டர் வேகம் 1/3200 நொடி பக்கம் போயிடும். நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்குறப்போ 1/60 இருந்தாத்தான் அசைவு இயல்பா இருக்கும். இல்லேன்னா நாத்து ஆடுறது வெட்டி வெட்டித் தெரியும். அந்த வெயிலுக்கு, வெளிச்சத்தை 64-ல ஒரு பங்காக் குறைக்கிற என்டி 64 வேணும்.

செம்மண்:
அண்ணே, இன்னும் ஏத்தி இறக்கப் பழகாதவருக்கு ஷட்டர் எதுக்கு? காலையில ஆறரைக்கும் சாயந்திரம் அஞ்சரைக்கும் எடுக்கட்டும், ஃபில்டரே தேவைப்படாது. முதல்ல உதிரி இறக்கை (புரொப்பெல்லர்) வாங்கணும். நான் முதல் வாரமே தென்னங்கீத்துல மாட்டிக்கிட்டேன். ஒரு இறக்கை நுனியில நகக்கண் அளவுக்கு வெட்டு. பரவாயில்லைன்னு திரும்பப் பறக்கவிட்டா, வீடியோ முழுக்க தண்ணிக்குள்ள பார்த்த மாதிரி நெளியுது.

மினி 2-ல ஒரு மோட்டாருக்கு ரெண்டு இதழ். ஒண்ணு அடிபட்டாலும் ரெண்டையும் மாத்தணும், ஒரே பொட்டலத்துல வந்த ஜோடியாவே போடணும். குறி போட்ட இறக்கை, ட்ரோன்ல குறி போட்ட மோட்டார் கைக்குத்தான். மாத்திப் போட்டா கிளம்புற இடத்துலயே கவுந்துடும். அந்தக் குட்டித் திருகை முடுக்க ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவரும் வேணும், மொட்டையா இருந்தா திருகோட தலை தேய்ஞ்சுடும்.

அடுத்தது ரெண்டாவது பேட்டரி. 31 நிமிஷம்கிறது காத்தில்லாத இடத்துக் கணக்கு. ஆடிக் காத்துல 20 நிமிஷத்துக்குள்ள வீட்டுக்குத் திருப்பிடணும்.

கணக்கு டீச்சர்:
இறக்கை விஷயத்துல செம்மண் சொல்றது சரி. ரெண்டாவது பேட்டரிதான் எனக்கு ஒப்பலை. ஒரே பேட்டரியோட நான் ஆறு மாசம் பறக்கவிட்டேன். தீர்ந்ததும் வீட்டுக்கு வந்து எடுத்ததை ஒவ்வொண்ணா பார்ப்பேன், எங்கே கை நடுங்குச்சு, எங்கே வேகமாத் திருப்பினேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். மூணு பேட்டரி இருந்திருந்தா ஒரே தப்பை மூணு தடவை செஞ்சிருப்பேன்.

மெமரி கார்டுல மட்டும் ஏமாந்துடாதீங்க. இந்த ட்ரோன்ல வீடியோ பதிவாகுறது அதிகபட்சம் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட். 64 ஜிபி கார்டு கிட்டத்தட்ட 85 நிமிஷம் தாங்கும். 256 ஜிபி தேவையே இல்லை. வேகமாப் பதியும்னு காட்டுற யு3, வி30 குறி கார்டுல இருக்கணும். போலி நிறைய வருது, வாங்கினதும் முழுக்க நிரப்பிப் பார்த்துட்டு அப்புறம் வயலுக்குக் கொண்டு போங்க.

செம்மண்:
டீச்சர், உங்க வீடு வயல் பக்கத்துலயே இருக்கும். இவரு வண்டியில போய் இறங்கி எடுக்கணும். நடவு யாருக்காகவும் காத்திருக்காது. சூடா இறங்கின பேட்டரியை உடனே சார்ஜும் போட முடியாது, ஆறணும்.

வரப்பு:
புரொப்பெல்லர் கார்டை யாரும் பேசலையே? நான் அதைப் போட்டுத்தான் பழகினேன், பயம் போச்சு.

ஸ்டுடியோக்காரர்:
கூடத்துக்குள்ள பழக அது சரி. வெளியில போட்டா காத்துல தள்ளாடும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். ட்ரோன் எடை 249 கிராம், அந்தக் காப்பு ஏறினா 250-ஐத் தாண்டிடும். 2021 ட்ரோன் விதிகள்ல நானோங்குற மிகச் சின்ன வகைக்கு எல்லையே 250 கிராம்தான், தாண்டினா அடுத்த வகைக்குப் போயிடும். பறக்குற இடம் பச்சை மண்டலமான்னு (முன் அனுமதி வாங்காம பறக்கவிடக்கூடிய பகுதி) அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல பார்த்துக்கோங்க. பச்சையிலயும் 120 மீட்டருக்கு மேல போகக் கூடாது. மேகமலை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாம அந்தப் பக்கமே திருப்பாதீங்க.

வரப்பு:
லேண்டிங் பேட்?

செம்மண்:
காசு போடாதீங்க. பழைய ஃபிளெக்ஸ் பேனரை மூணடிக்கு மூணடி வெட்டி, நாலு மூலையிலயும் கல்லு வச்சா போதும். கல்லு வைக்காம விட்டா இறங்குறப்போ அடிக்கிற காத்துல பேனர் எழும்பி இறக்கையில சுத்திக்கும். எழுத்து, படம் இருக்குற பக்கம் மேல இருக்கட்டும். வெறும் வெள்ளையா இருந்தா அடியில இருக்குற சென்சாருக்குப் பிடிமானம் கிடைக்காது. வெறும் செம்மண்ணுல இறக்கினா தூசி நேரா கேமராவைத் தாங்குற கிம்பலுக்குள்ள போகும், அப்புறம் கேமரா ஆடாம நிக்கவே நிக்காது.

முல்லையாறு:
எல்லாருக்கும் நன்றி. இறக்கை ரெண்டு செட், 64 ஜிபி கார்டு ஆர்டர் போட்டுட்டேன். டீச்சர் பேச்சைக் கேட்டு பேட்டரியைத் தள்ளி வைக்கலாம்னு நினைச்சேன். ஒரு சந்தேகம். இருக்குற பேட்டரி ரெண்டு வருஷமா அலமாரியில கிடந்ததாம். மேஜையில வச்சா சமமா உக்காராம லேசா ஆடுது. ட்ரோனுக்குள்ள தள்ளும்போதும் இறுக்கமா இருக்கு.

கணக்கு டீச்சர்:
அது உப்பிடுச்சு தம்பி, தீப்பிடிக்கலாம். பறக்க விடாதீங்க, சார்ஜ் போட்டும் பார்க்காதீங்க. நான் சொன்னதை விட்டுடுங்க, மிச்சக் காசுக்குப் புது பேட்டரி வாங்குங்க.

செம்மண்:
இப்பவே அதை வீட்டுக்கு வெளியே எடுத்துட்டுப் போய், மணல் போட்ட இரும்பு வாளியில வச்சுடுங்க. குப்பையில போடாம, மின்கழிவு வாங்குற இடத்துல கொடுங்க. புதுசு வந்தா சும்மா கிடக்குற நாள்ல பாதி சார்ஜோட வைங்க, முழுசா ஏத்தியும் வேணாம், காலியாவும் வேணாம்.

முல்லையாறு:
வாளியில வச்சுட்டேன். மாட்டுத்தொழுவத்துக்கு அந்தப் பக்கம், வைக்கோல் இல்லாத இடமாப் பார்த்து.