புதுப்பிப்பு: கவுன்சலிங் போயிட்டு வந்தோம்

போன மாசம் இங்கே புலம்பியிருந்தேன்: மூணு மாசமா நானும் வீட்டுக்காரரும் முகம் கொடுத்துப் பேசலை, "தோசை போதுமான்னு கேளுங்க அத்தை"ன்னு மாமியார்தான் நடுவில் தூதுன்னு. போகலாமான்னு கேட்டதுக்கு நிறைய பேர் போங்கன்னீங்க. போயாச்சு, நாலு தடவை. மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்கு பஸ். கடலூர்லயே பார்த்தா தெரிஞ்சவங்க கண்ணில் படுவோம்னு இவருக்குப் பயம்.

முதல் தடவை ரெண்டு பேரும் சேர்ந்து. அப்புறம் ஆளுக்கு ஒரு தடவை தனியா. "தனியா சொல்ற முக்கியமான விஷயத்தை நீங்களே அவர் முன்னாடி சொல்லணும், நான் ரகசியத்தை மடியில் கட்டிக்கிட்டு நடுவுல உட்கார மாட்டேன்"னு கவுன்சலர் மேடம் ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க. எனக்கு அது பிடிச்சது.

நாலாவது தடவை ஒரு தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சண்டைக்கு நெளிகோடு, பேச்சே இல்லைன்னா அறுந்த கோடுன்னு மூணு தலைமுறையை வரைஞ்சாங்க. ஜெனோகிராம்னு பேராம். முர்ரே போவன்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவரோட குடும்ப சிகிச்சை முறையிலிருந்து வளர்ந்தது. இவர் பக்கம் பார்த்தா தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லாம் அறுந்த கோடு. என் பக்கம் முழுக்க நெளி. இவர் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தார். திரும்பி வர்றப்ப பஸ்ல, "நானும் அப்பா மாதிரியேவா இருக்கேன்?"னார். இத்தனை மாசத்தில் என்கிட்ட நேரா கேட்ட முதல் கேள்வி.

அடுத்த தடவை மாமியாரும் வரணுமாம். முறுக்கு சுட்டு எடுத்துட்டு வரவான்னு கேக்கறாங்க!

காசு இல்லாம யார்கிட்ட பேசறதுன்னு கேட்டவங்களுக்கு: 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண். இலவசம், தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க.