பயணத்தில் தெருவோர ஓவியரிடம் அசல் ஓவியம் வாங்குதல்: எதைப் பார்ப்பது, எப்படிக் கொண்டுவருவது?

நாடோடி (கேள்வி):
வெளிநாட்டுப் பயணங்களில் சதுக்கங்களிலும் நடைபாதையிலும் உட்கார்ந்து வரைபவர்களிடம் சின்னதாக அசல் ஓவியம் வாங்க விருப்பம். செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும், கையில் கேபின் பை மட்டும்தான். கேன்வாஸில் அச்சடித்து மேலே ஜெல் தடவிக் கைவேலை என்று விற்கிறார்களாமே, அங்கேயே நின்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுருட்டிக் கொண்டுவந்தால் பெயிண்ட் வெடிக்குமா? ஆயில், அக்ரிலிக், வாட்டர்கலர் மூன்றில் எது வம்பில்லாதது? பேரம் எந்த அளவுக்குப் பேசலாம்?

தூரிகைமுனை:
ஓவியத்தைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். கைவேலையில் தூரிகைத் தடம் வடிவத்தோடு போகும்: வானத்தின் தீற்றல் கூரை வந்ததும் நிற்கும், இலையின் தீற்றல் இலை ஓரத்தில் முடியும். அச்சின்மேல் ஜெல் பூசியிருந்தால் தடம் இருக்கும், ஆனால் அது வானம், கூரை, இலை எல்லாவற்றின்மேலும் அதுபாட்டுக்கு ஓடும். சந்தேகம் தீராவிட்டால் 10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸோ போனின் மேக்ரோ கேமராவோ போதும். அச்சில் பொடிப்பொடியான வண்ணப் புள்ளிகள் தெரியும். பெயிண்டில் நிறம் தொடர்ச்சியாக இருக்கும். கேன்வாஸின் மடிப்பு ஓரத்தையும் பாருங்கள். கையால் வரைந்ததில் அங்கே சொட்டும் தவறிய தீற்றலும் கிடக்கும்.

கைவேலை என்பதாலேயே அது எதிரில் இருப்பவர் வரைந்தது என்று ஆகிவிடாது. சீனாவின் ஷென்ஜென் நகரில் உள்ள டாஃபென் பகுதியில் ஆயில் ஓவியங்களைக் கையாலேயே மொத்தமாக நகலெடுத்துப் பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அதையெல்லாம் லென்ஸ் காட்டிக்கொடுக்காது. பாதியில் நிற்கும் வேலை, ஸ்கெட்ச் புத்தகம், கலக்கிக் காய்ந்த வண்ணத்தட்டு ஆகியவை பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘இந்த நிழலுக்கு எந்தெந்த நிறம் கலந்தீர்கள்?’ என்று கேளுங்கள். வரைந்தவர் உற்சாகமாகச் சொல்வார். வாங்கி விற்பவர் விலைக்குத் தாவிவிடுவார். ஒரே காட்சி, ஒரே அளவில், அடுத்தடுத்த கடைகளிலும் தொங்கினால் நகர்ந்துவிடுங்கள். ஆனால் ஒரே ஓவியர் தனக்குப் பிடித்த தெருவைத் திரும்பத் திரும்ப வரைவது ஏமாற்று அல்ல. ஒவ்வொன்றும் அசல்தான்.

பாரிஸில் மோன்மார்த்ர் குன்றின்மேல் உள்ள பிளாஸ் து தெர்த்ர் போன்ற சதுக்கங்களில் நகர நிர்வாகத்தின் அனுமதி பெற்றவர்களுக்குத்தான் இடம் உண்டு. அங்கே அனுமதி இருக்கிறதா என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஃப்ரேம்காரர்:
கேபின் பை மட்டும் என்றால் என் முதல் வாக்கு வாட்டர்கலருக்குத்தான். A4 அல்லது அதற்கும் சிறியது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), அமிலமற்ற தாளா என்று கேளுங்கள். மலிவான மரக்கூழ்த் தாள் சில வருடங்களில் பழுப்பேறிவிடும். ஊரிலிருந்தே A4-ஐ விடச் சற்றுப் பெரிய இரண்டு கெட்டி அட்டைகளைப் பையின் அடியில் போட்டுக்கொண்டு போங்கள். ஓவியத்தின்மேல் பட்டர் பேப்பர் வைத்து, அட்டைகளுக்கு நடுவே செருகி, நான்கு பக்கமும் அட்டையோடு அட்டை டேப் ஒட்டினால் போதும். டேப் ஓவியத் தாளில் படக்கூடாது. கரிக்கோல், பேஸ்டல் என்றால் துகள் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடித்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடித்தாலும் பேஸ்டல் உராய்ந்தால் கொட்டத்தான் செய்யும்.

ஆயில் விஷயத்தில் கவனம். தொட்டால் ஒட்டாது, உள்ளே ஈரமாக இருக்கும். மெல்லிய பூச்சே தொடும் அளவுக்குக் காயச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். முழுக்க உலர 6 மாதம் முதல் ஒரு வருடம். போன வாரம் வரைந்த ஆயில் ஓவியத்தை வாங்கிச் சுருட்டவே வேண்டாம்.

அக்ரிலிக் சீக்கிரம் காயும், ஆனால் சூட்டில் இளகி எதிலும் ஒட்டிக்கொள்ளும். பபிள் ராப்பை நேராகச் சுற்றினால் குமிழ் வட்டங்கள் அப்படியே பதிந்துவிடும். நடுவில் பட்டர் பேப்பரோ கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாளோ கட்டாயம். குளிரிலோ நேரெதிர்: சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக் விறைத்துவிடும், அப்போது வளைத்தால் விரிசல். குளிரில் வந்த சுருளை உடனே பிரிக்காமல் ஒரு இரவு அறைக்குள் வையுங்கள்.

சுருட்டும்போது பெயிண்ட் பக்கம் வெளியே இருக்க வேண்டும். பலரும் பாதுகாப்பு என்று நினைத்து உள்பக்கமாகச் சுருட்டுகிறார்கள். அப்போது பெயிண்ட் நசுங்கி மடிப்பு விழும். வெளியே இருந்தால் சற்றே இழுபடும், திரும்ப விரைப்பாகக் கட்டியதும் படிந்துவிடும். குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள குழாய்மேல் சுற்றுங்கள். குழாய் இரு முனையிலும் 5 செ.மீ. நீண்டிருக்கட்டும். பெயிண்டைக் கத்தியால் தடித்து அப்பியிருந்தால் எந்தக் குழாயும் காப்பாற்றாது, கேன்வாஸை இழுத்துக் கட்டியிருக்கும் மரக்கட்டையோடு தட்டையாகத்தான் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று, கேன்வாஸைக் கட்டையிலிருந்து ஸ்டேப்பிள் பின்களைப் பிடுங்கிக் கழற்றச் சொல்லுங்கள், வெட்டித் தரவிடாதீர்கள். சுற்றிலும் 4–5 செ.மீ. வெற்றுத் துணி இல்லையென்றால் மறுபடி கட்டையில் இழுத்துக் கட்ட முடியாது.

கணக்கர்:
பேரத்தில் மிச்சம் பிடிப்பதைவிட அளவில் மிச்சம் பிடியுங்கள். ஓவியத்தைவிட ஃப்ரேமுக்கு அதிகம் கொடுப்பவர்கள் ஏராளம். 20×30, 30×40 செ.மீ., A4 போன்ற அளவுகளுக்கு ரெடிமேட் ஃப்ரேம் கிடைக்கும். வழக்கத்தில் இல்லாத அளவு என்றால் தனியாகச் செய்ய வேண்டும். ஃப்ரேம் இல்லாமல் கேளுங்கள். ஸ்கெட்ச் புத்தகத் தாள்கள், பெரிய ஓவியத்துக்கு முன்னோட்டமாகப் போட்ட சிறு படங்கள் ஆகியவற்றை விற்பாரா என்றும் விசாரியுங்கள். குறைந்த விலையில் மிக நல்ல வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இரண்டு எடுத்துச் சேர்த்து ஒரு விலை கேட்பது நியாயம். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து வரைந்தவரிடம் பாதி விலைக்குக் கேட்பது நியாயமில்லை.

ரசீது அவசியம். வெள்ளைத் தாளில் ‘கையால் வரைந்த அசல் ஓவியம்’, அளவு, எதில் வரைந்தது, தொகை, தேதி, கையெழுத்து இருந்தால் போதும். முழுக்கக் கையால் வரைந்த ஓவியங்கள் சுங்கத்தின் பொருள் வகைப் பட்டியலில் 9701 என்ற தலைப்பில் வரும். பல நாடுகளில் அதற்கான வரி, அச்சடித்த அலங்காரப் படத்துக்கு உள்ளதிலிருந்து வேறுபடும். ஆஸ்திரேலியா போகிறீர்கள் என்றால் மரக்கட்டை, மர ஃப்ரேம் இருப்பதை அறிவிக்க வேண்டும். பூச்சித் துளையுள்ள கட்டையை வாங்காதீர்கள்.

பெயரும் வருடமும் எழுதித் தரச் சொல்லும்போது கேன்வாஸின் பின்பக்கம் பால்பென் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். கட்டையிலோ துணி ஓரத்திலோ எழுதட்டும். தாள் என்றால் பின் ஓரத்தில் 2B பென்சில். ஓவியத்தை வாங்கினாலும் பதிப்புரிமை பொதுவாக ஓவியரிடம்தான், ஆகவே டீ-ஷர்ட்டில் அச்சடிக்க அவரிடம் தனி அனுமதி வேண்டும்.

நாடோடி:
மிக்க நன்றி. ஸ்ப்ரே பெயிண்டில் சில நிமிடங்களில் கிரகம், மலை எல்லாம் வரைந்து தருகிறார்களே, அதையும் இப்படியே சுற்றலாமா?

ஃப்ரேம்காரர்:
கூடாது. பெரும்பாலும் வழவழப்பான அட்டையில் அடிப்பார்கள், சுருட்டினால் பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். மேலே காய்ந்தாலும் கரைப்பான் வாடை சில நாள் வந்துகொண்டே இருக்கும். அதற்குள் பிளாஸ்டிக்கில் மூடினால் பரப்பு இளகி ஒட்டும். அறையில் ஜன்னல் பக்கம் இரண்டு மூன்று நாள் திறந்து வைத்து, பிறகு பட்டர் பேப்பர் போட்டு அட்டைகளுக்கு நடுவே வையுங்கள். நாளைக்கே விமானம் என்றால் அதை வாங்காதீர்கள்.