பாதியில் நின்ற படமும் ரோஸ் நிறக் கட்டும்

முழுக் கதையையும் சொல்லப் போகிறேன். 'லோஸ் குரோனோகிரீமெனெஸ்' என்ற ஸ்பெயின் படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதைத் தாண்டிப் போய்விடுங்கள். ஒன்றும் தெரியாமல் பார்க்க வேண்டிய படம் அது.

2012. கோவையில் கல்லூரி விடுதி. அந்த வருடம் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று தமிழ்நாட்டில் இருந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து அறை சீனியர் அண்ணன் பென்டிரைவில் ஒரு படம் கொண்டுவந்தார். ஃபைலுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்கள். என்ன மொழி என்றுகூட யாரும் கேட்கவில்லை. சப்டைட்டில் இருந்தது, பார்த்தோம்.

நடுவயது மனிதர் ஒருவர், லேசாகத் தொப்பை, வீட்டுக்கு வெளியே புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பைனாகுலரில் எதிரே இருக்கும் காட்டைப் பார்க்கிறார். மரங்களுக்கு நடுவே ஒரு பெண் சட்டையைக் கழற்றுகிறாள். மனைவி வெளியே கிளம்பியதும் இவர் காட்டுக்குள் போகிறார். அந்தப் பெண் அசைவில்லாமல் கிடக்கிறாள். கிட்டே போனவரின் கையில் யாரோ கத்தரிக்கோலால் குத்துகிறார்கள். திரும்பிப் பார்த்தால், முகம் முழுக்க ரோஸ் நிறக் கட்டுத்துணி சுற்றிய ஒருவன். ஓட்டம். பூட்டியிருந்த கட்டடத்துக்குள் புகுந்தால் அங்கே கிடந்த வாக்கி டாக்கியில் யாரோ பேசுகிறான்: 'அவன் உன் பின்னாலேயே வருகிறான், மேட்டுக்கு ஏறி வா' என்கிற மாதிரி. அந்த இடத்தில் கரண்ட் போனது. மறுநாள் காலை அண்ணன் பென்டிரைவோடு ஊருக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஆறு வருடம் அந்தக் கட்டுத்துணி முகம் என்னை விடவில்லை. தேடாத நாளில்லை. முகமூடிக் கொலைகாரன் படங்கள், காட்டுக்குள் கொலை நடக்கும் படங்கள், இத்தாலி, பிரான்ஸ் என்று பேய்ப்பட வரிசைகளை எல்லாம் சலித்துவிட்டேன். எங்கேயும் இல்லை. 2018-ல் ஆபீஸ் டீக்கடையில் ஒரு நண்பர் காலப்பயணப் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "ஸ்பெயின்ல ஒண்ணு இருக்கு மச்சி, ஒரே ஆளு மூணு பேரா சுத்துவான், அதுல ஒருத்தன் தலை ஃபுல்லா கட்டு போட்டிருப்பான்" என்றார். நான் டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

அன்றிரவே முழுசாகப் பார்த்தேன். 2007-ல் வந்தது, இயக்குநர் நாச்சோ விகலோந்தோவுக்கு அது முதல் முழுநீளப் படம். வாக்கி டாக்கியில் பேசிய அந்த இளம் விஞ்ஞானியும் அவரேதான். அந்த மனிதராக நடித்தவர் காரா எலெஹால்தே. வெள்ளைத் திரவம் நிரம்பிய ஒரு தொட்டிக்குள் அவரை இறக்கி மூடுகிறார்கள். வெளியே வந்தால் சற்று முந்தைய நேரம்: தன்னுடைய வீட்டுப் புல்தரையில் தானே உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது. கையில் குத்துப்பட்டதற்குப் போட்ட கட்டையே பிறகு தலையில் அடிபட்டபோது அவிழ்த்து முகத்தில் சுற்றிக்கொள்கிறார். கண்ணாடியில் பார்க்கிறார். நானும் பார்த்தேன். ஆறு வருடமாக நான் தேடிய கொலைகாரன் அவரேதான். அந்தப் பெண்ணைக் காட்டில் சட்டையைக் கழற்றச் சொல்வதும் அவர்தான், முதல் ஆள் பார்த்தது பார்த்தபடியே நடக்க வேண்டும் என்பதற்காக.

எனக்கு இன்றும் ஆச்சரியம் என்னவென்றால், நான் எதையும் தப்பாக ஞாபகம் வைத்திருக்கவில்லை. காடு, கத்தரிக்கோல், துணியின் நிறம், எல்லாம் சரி. ஆனால் இந்த மாதிரிப் புதிர்ப் படங்களில் முதல் பாதியே நம்மைத் தப்பான வழியில் அனுப்பத்தான் எடுக்கப்படுகிறது. முதல் பாதியோடு நின்றவன் அந்தத் தப்பான வழியிலேயேதான் தேடுவான். நான் அறிவியல் புனைகதை வரிசைப் பக்கமே போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு படம் இருந்தால் சொல்லுங்கள்.

*

நான் மாட்ரிட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். எனக்கு இரண்டு படம் ஒன்றாகக் கலந்துபோன கதை இருக்கிறது. பெரிய நகரம், பகல் வெளிச்சம், தெருவில் ஒரு ஆள் இல்லை, கதாநாயகன் மட்டும் திகைத்துப்போய் நிற்கிறான். கதாநாயகி பெனலோப்பே குரூஸ். அது நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்த புதிதில் ஆகஸ்ட் மாதம் (அப்போது ஊரே விடுமுறைக்குக் கிளம்பிவிடும்) காலை ஆறரைக்கு கிரான் வியா தெருவில் நடந்தபோது சட்டென்று நின்றுவிட்டேன். நான் முதலில் பார்த்தது இந்தத் தெருவைத்தான். அலெஹாந்த்ரோ அமெனாபாரின் 'ஆப்ரே லோஸ் ஓஹோஸ்', 1997. 'கண்ணைத் திற' என்று அர்த்தம். அதையே 2001-ல் ஹாலிவுட்டில் 'வெனிலா ஸ்கை' என்று எடுத்தார்கள், டைம்ஸ் ஸ்கொயர் அதில்தான். இரண்டிலும் அதே பெண்ணாக பெனலோப்பே குரூஸே நடித்ததால் என் மனசு இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டது.

அப்புறம் இன்னொன்று. இது என் ஞாபகம் இல்லை, என் ஆபீஸில் ஓய்வு பெறப்போகும் ஒரு அம்மாவுடையது. சின்ன வயதில் டிவியில் பார்த்தாராம்: ஒருவர் மகனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுப் போன் பேச பூத்துக்குள் போகிறார், கதவு திறக்க மாட்டேன் என்கிறது. கூட்டம் கூடிச் சிரிக்கிறது. யார் யாரோ இழுத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் போன் கம்பெனி ஆட்கள் வந்து பூத்தை அவரோடு சேர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வழியில் இன்னொரு லாரி, அதிலும் ஒரு பூத், அதற்குள்ளும் ஒரு ஆள். இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். முடிவை நான் சொல்லமாட்டேன்.

அது அந்தோனியோ மெர்செரோவின் 'லா கபீனா', 1972 டிசம்பரில் ஸ்பெயின் தொலைக்காட்சியில் வந்தது. அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அடுத்த வருடம் சர்வதேச எம்மி விருது வாங்கியது. அப்போது சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி. பேச முடியாமல் மூச்சுமுட்டிக் கிடந்த நாட்டைத்தான் அந்தப் பூத் காட்டுகிறது என்று பலரும் புரிந்துகொண்டார்கள். அதைப் பார்த்தபிறகு பூத்துக்குள் போனால் கதவு மூடாமல் இருக்க ஒரு காலை வெளியே வைத்துக்கொள்வோம் என்று அந்த அம்மா காலை நீட்டியே காட்டினார். படம் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில், சம்பெரி பகுதியில், 2021-ல் நினைவாக ஒரு பூத் வைத்திருக்கிறார்கள். அவரை அழைத்துப் போனேன். கிட்டே போய், "இது சிவப்பா? சாம்பல் நிறம் என்றல்லவா நினைத்தேன்" என்றார். அவர்கள் வீட்டில் அன்று இருந்தது கறுப்பு வெள்ளை டிவி.

*

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியர். சுவர்கள் உள்ளே நகர்ந்து அறை சுருங்கும், உள்ளே இருப்பவர்கள் புதிருக்கு விடை சொல்ல வேண்டும். இதைக் கனடா படமான 'கியூப்' என்றே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, ஸ்பெயினில் 2007-ல் வந்த 'ஃபெர்மாவின் அறை'. அதில் ஒரு புதிர்: 4 நிமிட மணற்கடிகாரம் ஒன்று, 7 நிமிடத்துக்கு ஒன்று, இவற்றை வைத்து 9 நிமிடம் அளக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்குங்கள். 4-ல் சின்னதைத் திருப்புங்கள், 7-ல் பெரியதைத் திருப்புங்கள். 8-ல் சின்னது மறுபடி தீரும்போது பெரியதில் ஒரு நிமிட மணல் கீழே இறங்கியிருக்கும். அதைத் திருப்பினால் அந்த ஒரு நிமிடம், மொத்தம் 9. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இதைக் கொடுக்கிறேன், யாராவது ஒருவர் மணி அடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சரி, எனக்கு ஒரு உதவி. முடிவே இல்லாத மாடிப்படி. இறங்க இறங்க அதே மாடி. ஸ்பானிஷ் பேசினார்கள். ஸ்பெயின் படங்கள் எல்லாம் தேடிவிட்டேன்.

*

சார், மாட்ரிட்டிலிருந்து மறுபடியும் நான்தான். 'நன்றி' என்பதை அதில் எப்படிச் சொன்னார்கள், 'கிராத்தியாஸ்' என்றா, 'கிராசியாஸ்' என்றா? நாக்கைப் பல்லில் வைத்துச் சொன்னால் இந்தப் பக்கம், ஸ்பெயின்; 'சி' என்றால் பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம், லத்தீன் அமெரிக்கா.

*

'கிராசியாஸ்' என்றுதான் காதில் இருக்கிறது மா.

*

அப்படியானால் மெக்சிகோ சார். 'எல் இன்சிதென்தே', 2014, இயக்குநர் இசாக் எஸ்பான். இரண்டு சகோதரர்களும் ஒரு துப்பறிவாளரும் படிக்கட்டில் 35 வருடம் மாட்டிக்கொள்வார்கள். கூடவே இன்னொரு கதையும் ஓடும்: ஒரு குடும்பம் காரில் போய்க்கொண்டே இருக்கும், அந்தச் சாலையும் முடியாது.

*

அந்தக் கார் கதையா! அதை வேறு படம் என்று நினைத்துத் தனியாகத் தேடிக்கொண்டிருந்தேன்.